பாலைவனத்து எண்ணெய்க் கணக்கு: கேள்வி பதில்

இந்த முறை கேள்விகள் கொட்டிக் கிடக்கின்றன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். தாய்ப்பாறை, தேக்கப்பாறை, மூடுபாறை, பொறி என்றால் என்ன என்று மறுபடியும் நீட்டி விளக்கப் போவதில்லை: எண்ணெய் உருவாகும் பாறை, அது போய்த் தேங்கும் நுண்துளைப் பாறை, மேலே தப்பவிடாமல் மூடும் பாறை, எண்ணெய் மாட்டிக்கொள்ளும் பாறை வடிவம், அவ்வளவுதான். எண்களை முழுதாக்கித்தான் சொல்லியிருக்கிறேன். தசமத்தில் சண்டைக்கு வர வேண்டாம், இந்தத் தொழிலில் தசமத்துக்கு மதிப்பே கிடையாது.

பாலைவனத்துக்கு அடியில் மட்டும் ஏன் இவ்வளவு எண்ணெய்? மணலுக்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்? (பிளஸ் டூ மாணவி, நாமக்கல்)

ஒரு சம்பந்தமும் இல்லை. மணல் நேற்று வந்தது. சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இன்றைய சகாரா தென்துருவத்துப் பக்கம் பனிக்கட்டிக்குக் கீழே கிடந்தது, பாறையில் பனி உரசிய கீறல்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. பனி உருகிக் கடல் ஏறியபோது, அடியில் ஆக்சிஜன் இல்லாத ஆழமற்ற கடல் வட ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா வரை பரவியது. அதில் படிந்த கரிய சேற்றுப்பாறைதான் சைலூரியன் என்ற அந்தப் பழங்காலத்து 'ஹாட் ஷேல்'. அல்ஜீரியா, மேற்கு லிபியா எண்ணெயில் பெரும்பங்குக்கும், சவூதியில் ஆழத்தில் கிடைக்கும் எரிவாயுவுக்கும் அதுவே தாய்ப்பாறை. லிபியாவின் சிர்த் படுகைக்கு (படுகை என்றால் பாறைப் படிவுகள் சேர்ந்த பெரும் பள்ளம்) தாய்ப்பாறை வேறு, அது வெகு பின்னால் வந்த கிரெட்டேஷியஸ் காலத்தது. சவூதியின் ராட்சச எண்ணெய் வயலான கவாரின் எண்ணெய் ஜுராசிக் காலத்தது. நம் ராஜஸ்தான் பார்மரில் சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் பிளந்து இறங்கிய பள்ளத்தில் இருந்த ஏரிகள்தான் காரணம். எண்ணெயே இல்லாத பாலைவனங்களும் நிறைய உண்டு, அவை செய்தியில் வருவதில்லை. நல்ல கேள்வி, இப்படியே கேளுங்கள்.

ஒரு இடத்தில் தாய்ப்பாறை, தேக்கப்பாறை, பொறி, காலப்பொருத்தம் (எண்ணெய் வருவதற்கு முன்பே பொறி தயாராக இருந்ததா என்பது) நான்குக்கும் தலா 70 சதவீத வாய்ப்பு என்று அறிக்கையில் இருக்கிறது. ஆக, எண்ணெய் கிடைக்க வாய்ப்பு 70 சதவீதம்தானே?

இல்லை, 24. நான்கையும் பெருக்க வேண்டும். நான்கில் ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் எண்ணெய் மதிப்பீட்டு அட்டவணையில் எஃப்95, எஃப்50, எஃப்5, சராசரி என்று நான்கு எண்கள். நான் 10 படுகைகளின் எஃப்5 எண்களைக் கூட்டி ஒரு மொத்தம் போட்டேன். சரிதானே? (கணக்காளர், தோஹா)

தப்பு. எஃப்5 என்றால் அந்த அளவோ அதற்கு மேலோ இருக்க 5 சதவீத வாய்ப்பு. பத்தையும் கூட்டினால், பத்துப் படுகையிலும் ஒரே நேரத்தில் அதிர்ஷ்டம் அடிக்கும் என்று சொல்கிறீர்கள். எஃப்95-ஐ (அந்த அளவோ அதற்கு மேலோ இருக்க 95 சதவீத வாய்ப்பு) கூட்டினாலும் அதே தப்புதான், அங்கே பத்திலும் ஒன்றாகக் காலை வாரும் என்று ஆகிறது. கூட்டத் தகுந்தது சராசரி மட்டும். மற்றவற்றை மான்டி கார்லோ முறையில் (கணினியில் ஆயிரக்கணக்கான தடவை சீட்டுக் குலுக்குவது போல எண்களை எடுத்துப் பார்ப்பது), படுகைகளுக்கு இடையே எவ்வளவு ஒட்டுறவு என்பதையும் கொடுத்துத்தான் சேர்க்க வேண்டும். ஒன்றுக்கொன்று முழுக்க ஒட்டிப் போகும் என்று வைத்துக்கொண்டால் மட்டுமே நேரடியாகக் கூட்டலாம், அப்படி வைத்துக்கொண்டிருந்தால் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். கணக்காளர் பொடி எழுத்தைப் படிக்காமல் வரலாமா?

நம் அரசின் 2017 மதிப்பீட்டின்படி இந்தியாவில் 4,200 கோடி டன் எண்ணெய் இருக்கிறது. வருடத்துக்கு நாம் செலவழிப்பது 23 கோடி டன். வகுத்தால் 180 வருடம் வருகிறது. தார் பாலைவனத்தில் மட்டும் எவ்வளவு மறைத்து வைத்திருக்கிறார்கள்? இறக்குமதி என்பதே சதி இல்லையா? (இதே கணக்கை நான்கு பேர் அனுப்பியிருக்கிறார்கள், ஒருவர் வீடியோவாகவே போட்டுவிட்டார்)

வகுத்தது சரி. மற்றது எதுவும் சரியில்லை.

முதலாவது, அந்த 4,200 கோடி டன் என்பது பாறைக்குள் கிடக்கும் மொத்தம், வெளியே எடுக்கக்கூடியது அல்ல. பாறையின் நுண்துளைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெயில் உலக அளவில் சராசரியாக மூன்றில் ஒரு பங்குதான் வெளியே வரும், பல வயல்களில் அதுவும் வராது. நான் எத்தனை தடவை எழுதினாலும் யாரும் கேட்பதில்லை, எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் கேளுங்கள்: உள்ளே கிடப்பதா, எடுக்கக்கூடியதா? அமெரிக்க நிறுவனம் வெளியிடுவது தொழில்நுட்ப ரீதியாக எடுக்கக்கூடியது. நம் மதிப்பீடு உள்ளே கிடப்பது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'இந்தியா சவூதியை முந்துகிறது' என்று தலைப்புப் போட்ட ஒரு கட்டுரையை எனக்கே பெருமையாக அனுப்பி வைத்தார் ஒருவர்.

அடுத்தது, அது எண்ணெய் மட்டும் இல்லை. எரிவாயுவையும் எண்ணெய்க்குச் சமமாக மாற்றிச் சேர்த்திருக்கிறார்கள். அதோடு 26 படுகைகள், நிலம், ஆழ்கடல் எல்லாம் சேர்த்து. தார் அதில் ஒரு துண்டு.

இன்னும் இருக்கிறது. 4,200 கோடியில் சுமார் 1,200 கோடி ஏற்கெனவே கண்டுபிடித்தது. மும்பை ஹை, அசாம், குஜராத், பார்மர் எல்லாம் அதற்குள்ளே. பல பத்தாண்டுகளாக நாம் எடுத்து எரித்துத் தீர்த்ததும் அதற்குள்ளேதான் வருகிறது. மீதி 3,000 கோடி டன்னை யாரும் இதுவரை பார்த்ததில்லை. தெரிந்த வயல்களின் அளவு எப்படிப் பரவியிருக்கிறது, தாய்ப்பாறை வெப்பத்தில் எவ்வளவு எண்ணெய் சமைத்திருக்கும், இதுபோன்ற படுகை வேறெங்கே என்ன கொடுத்தது என்பதையெல்லாம் வைத்துப் போட்ட கணக்கு அது. மோசமான கணக்கு என்று சொல்லவில்லை, அதைப் போட்டவர்கள் திறமைசாலிகள். ஆனால் அந்தக் கணக்கு எங்கே தேடலாம் என்று சொல்வதற்குத்தான், எத்தனை வருடம் ஓட்டலாம் என்று சொல்வதற்கு இல்லை. பெண் பார்க்கவே போகவில்லை, நீங்கள் பேரனுக்குப் பெயர் வைத்துவிட்டீர்கள்.

சரி, எல்லாம் கிடைத்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். நாடு முழுவதும் இப்போது வருடத்துக்கு எடுப்பது 3 கோடி டன்னை ஒட்டித்தான். பார்மரில் மங்களா வயலை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே 100 கோடி பீப்பாய்க்கு மேல், நிலத்தின் மேல், ஆழமும் அதிகமில்லை. இவ்வளவு வசதியான வயலே 2004-ல் கண்டுபிடித்து 2009-ல்தான் எண்ணெய் கொடுத்தது. அதன் எண்ணெயில் மெழுகு அதிகம், சாதாரண வெப்பத்தில் உறைந்துவிடும். அதனால் குஜராத் கடற்கரை வரை 600 கிலோமீட்டருக்கு மேல் சூடேற்றிய குழாய் போட வேண்டியிருந்தது. இன்னும் கண்டுபிடிக்காத சின்னச் சின்ன வயல்கள் சிதறிக் கிடந்தால் அதற்கு யார் குழாய் போடுவார்கள்? எண்ணெய் விலை நன்றாக இருந்தால் போடுவார்கள், இல்லாவிட்டால் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். விலை என்ற ஒன்று உங்கள் வகுத்தலில் எங்கேயுமே இல்லை.

சதி என்கிறீர்களே, வருகிற ராயல்டியை வேண்டாம் என்று சொல்லும் மாநில அரசு எதையாவது பார்த்திருக்கிறீர்களா? அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள்.

மணல்மேடுகளுக்கு மேல் சீஸ்மிக் (அதிர்வலை அனுப்பி, எதிரொலியை வைத்து நிலத்தடியைப் படமெடுப்பது) எடுத்தால் தெளிவில்லை என்கிறார்கள். மணல் மென்மையானதுதானே, அலை சுலபமாகப் போகாதா? (பொறியியல் மாணவர், கோவை)

மென்மையாக இருப்பதுதான் பிரச்சினை. உலர்ந்த மணலில் அலை நொடிக்கு 1,000 மீட்டருக்கும் குறைவான வேகத்தில் ஊர்ந்து போகும், கீழே கெட்டியான பாறையில் 4,000 மீட்டர். அதிக அதிர்வெண்ணையும் மணல் தின்றுவிடும். அரேபியாவின் பெரும் மணல் பாலைவனமான ரப் அல் காலியில் 200 மீட்டரைத் தாண்டும் மேடுகள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 மீட்டர் மேட்டைக் கடக்க ஒருவழிக்கு 100 மில்லிநொடி. அதைத் திருத்துவதில் 10 சதவீதம் பிசகினால், போக வர 20 மில்லிநொடி தப்பு. நீங்கள் தேடும் பொறி 30 மீட்டர் உயரமுள்ள ஒரு வளைவு என்றால், அது படத்தில் காட்டும் வித்தியாசமே 15 மில்லிநொடிதான். அதாவது, மேலே இருக்கும் மணல்மேடு கீழே ஒரு பொய் வளைவை உண்டாக்கும், அல்லது நிஜ வளைவை அழித்துவிடும். அந்தப் பொய் வளைவு அப்படியே 'பொறிகளின் எண்ணிக்கை' என்று மதிப்பீட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். வரைபடத்தில் உள்ள வளைவுகளை மேலே உள்ள மேடுகளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள்.

ஓமனில் ஃபஹூத் வயலில் முதல் கிணறு வறண்டு போனது என்று இங்கே பெரியவர்கள் சொல்கிறார்கள். நிஜமா? (மஸ்கட்டிலிருந்து)

நிஜம். 1956-ல் தோண்டத் தொடங்கி அடுத்த ஆண்டு கைவிட்டார்கள். நிலத்தடிப் பாறைப் பிளவின் தப்பான பக்கத்தில் இறங்கிவிட்டது, எண்ணெய் இருந்த இடம் சில நூறு மீட்டர் தள்ளித்தான். தோண்டிய நிறுவனக் கூட்டாளிகளில் பலர் விலகினார்கள், ஷெல், பார்டெக்ஸ் என்ற இரண்டு நிறுவனங்கள் தங்கின. 1962-ல் யிபால் வயலில் எண்ணெய் கிடைத்தது, அடுத்த ஆண்டு நதீஹ் வயலில், 1964-ல் அதே ஃபஹூத்தில். 1967-ல் ஏற்றுமதி தொடங்கியது. பார்மரும் அப்படித்தான், மங்களாவுக்கு முன்னால் தன் பங்கை ஷெல், கெய்ர்ன் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டுப் போய்விட்டது.

ஆனால் இந்தக் கதையைச் சொல்லித்தான் ஒவ்வொரு வறண்ட கிணற்றுக்குப் பக்கத்திலும் இன்னொன்று தோண்டப் பணம் கேட்பார்கள், ஜாக்கிரதை. வறண்ட கிணறுகளில் பெரும்பாலானவை வறண்டவையே. ஏன் வறண்டது என்று தெரிந்தால்தான் அது மதிப்பீட்டுக்கு உதவும். தாய்ப்பாறை இல்லை என்று தெரிந்தால் வட்டாரமே அடிபடும், பொறியைத் தவறவிட்டது என்றால் அந்த ஒரு கிணறு மட்டும்தான்.

2000-ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தார், அமெரிக்காவுக்கு வெளியே கண்டுபிடிக்காத எண்ணெய் சுமார் 65,000 கோடி பீப்பாய் என்றார்கள், 2012-ல் 56,500 கோடி என்கிறார்கள். மீதி எங்கே போனது?

எங்கும் போகவில்லை. நடுவில் கண்டுபிடித்தது அட்டவணையில் 'கண்டுபிடிக்காதது' என்ற கட்டத்திலிருந்து 'கண்டுபிடித்தது' என்ற கட்டத்துக்கு மாறியது, புவியியல் புரிதலும் மாறியது. ஆராய்ந்த படுகைகளின் எண்ணிக்கையும் ஒன்றல்ல, முதலில் 128, அடுத்ததில் 171. இரண்டு மதிப்பீடுகளைக் கழித்து வரும் எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. இரண்டுமே சராசரிகள் என்பதையும் மறக்காதீர்கள்.

செயற்கைக்கோள் படத்தை வைத்தே பாலைவனத்தில் எண்ணெய் கண்டுபிடிக்கும் நிறுவனத்தில் முதலீடு செய்யலாமா?

வேண்டாம்.

தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பது போல எண்ணெய்க்கும் பார்க்க முடியுமா?

அடுத்தது.

மௌரித்தானியா, மாலி பக்கம் தவ்தேனி படுகை 15 லட்சம் சதுர கிலோமீட்டர். அல்ஜீரியாவில் பக்கத்திலேயே ஹாஸி மெஸ்ஸவூத் போன்ற ராட்சச வயல் இருக்கிறது. பரப்பளவு விகிதத்தில் தவ்தேனிக்குக் கணக்குப் போடலாமா? (ஆராய்ச்சி மாணவர்)

பக்கத்தில் என்று யார் சொன்னது, 1,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஆராய்ச்சி மாணவர் வரைபடத்தைத் திறக்காமல் கேள்வி எழுதலாமா? பரப்பளவு எண்ணெயை உண்டாக்காது. அல்ஜீரியாவில் சைலூரியன் ஷேல் கனமாக இருக்கிறது, அதற்கு மேல் டிரையாசிக் காலத்து உப்பு அருமையான மூடியாகப் படிந்திருக்கிறது. தவ்தேனியில் அந்த உப்பு கிடையாது. போதாக்குறைக்குப் பிற்காலத்தில் டோலரைட் பாறைக்குழம்பு இடையிடையே ஊடுருவி, சில இடங்களில் தாய்ப்பாறையைச் சமைக்காமல் கருக்கிவிட்டது. 1974-ல் அபோலாக் கிணற்றில் மிகப் பழைய சுண்ணப்பாறையிலிருந்து வாயு வந்தது நிஜம், அதனால் படுகை செத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவ்வளவு பெரிய பரப்பில் தோண்டிய கிணறுகள் கைவிரல்களில் அடங்கிவிடும். அந்த மாதிரி இடத்தில் எஃப்95-க்கும் எஃப்5-க்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்குப் போட்டவரைச் சந்தேகப்படுங்கள்.

பிகானேர் பாறையும் தெற்கு ஓமன் பாறையும் ஒரே காலத்தவை. அப்படியானால் ஓமன் அளவுக்கு இங்கேயும் கிடைக்குமா?

ஒப்புமையில் உண்மை இருக்கிறது. கேம்பிரியன் காலத்துக்கு (சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது) சற்று முந்தைய பாறை, உப்பு, எண்ணெய் மூன்றும் இரண்டு இடத்திலும் உண்டு. 1991-ல் ராஜஸ்தானின் பாகேவாலாவில் ஆயில் இந்தியா நிறுவனம் எண்ணெய் கண்டது. ஆனால் அது கெட்டியான கனரக எண்ணெய், நீராவி செலுத்தி இளக்கித்தான் எடுக்கிறார்கள். ஒரே வயது என்பதால் ஒரே ஆழம், ஒரே வெப்பம், ஒரே பொறி என்று ஆகிவிடாது. ஒப்புமை கேள்வி கேட்க உதவும், அளவு சொல்ல உதவாது. கிடைத்தாலும் மறுபடி அதே கேள்விதான்: உள்ளே கிடப்பதா, எடுக்கக்கூடியதா?

ஜெய்சல்மர் பக்கம் 10 ஏக்கர் வாங்கச் சொல்கிறார் நண்பர். எண்ணெய் வந்தால் நமக்குத்தானே? (ஈரோடு)

உரிமம் கொடுப்பதும் ராயல்டி வாங்குவதும் அரசு. கிணறு உங்கள் நிலத்தில் விழுந்தால் மேல்நிலத்துக்கு வாடகையோ இழப்பீடோ வரும். ஒட்டகம் வளர்க்கும் ஆசை இருந்தால் வாங்குங்கள்.