விதை நிதி தீர்ந்த பிறகு யார்? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வுபெற்ற நர்ஸ். ஆம்பூர் பெதஸ்தா மருத்துவமனையில் பிறந்தவள். இப்போது மகளோடு அமெரிக்காவில், இல்லினாய்ஸ் மாநிலத்தில் இருக்கிறேன். இங்கே எங்கள் லுத்தரன் சபையில் முதியவர்கள் அதிகம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ரத்த அழுத்தம் பார்ப்பது, மாத்திரைகளைச் சரிபார்த்துக் கொடுப்பது, மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்களை வீட்டில் போய்ப் பார்ப்பது என்று ஒரு பணியைத் தொடங்க நினைக்கிறோம். சபை நூலகத்தில் ‘வீட் ரிட்ஜ் மினிஸ்ட்ரீஸ்’ என்ற லுத்தரன் தொண்டு அமைப்பின் பழைய பிரசுரம் ஒன்று கிடைத்தது. சுகாதாரப் பணிகளுக்கு விதை நிதி, அதாவது தொடக்கப் பணம், கொடுத்தவர்கள். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. புதிதாக ஏதாவது தொடங்கினால்தான் பணமாம். அதுவும் சில வருடங்களுக்கு மட்டும். நோயாளிகளைப் பழக்கிவிட்டுப் பாதியில் விடுவது சரியா? இப்படிப்பட்டவர்கள் யாருக்குக் கொடுப்பது என்பதை எப்படித்தான் முடிவு செய்கிறார்கள்?

எஸ்., இல்லினாய்ஸ்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோபம் நியாயமானது. அதில் ஒரு பகுதி எனக்கும் உண்டு, பிறகு சொல்கிறேன். முதலில் அந்த அமைப்பின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அவர்கள் ஏன் தொடக்கத்துக்கு மட்டும் கொடுத்தார்கள் என்பது அதில் இருக்கிறது.

வீட் ரிட்ஜ் என்பது கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகரை ஒட்டிய ஊர். 1905-இல் லுத்தரன் சபையார் அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் தொடங்கினார்கள். அன்று காசநோய்க்கு மருந்து கிடையாது. உலர்ந்த மலைக்காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு, இவைதான் வைத்தியம். பிழைத்தால் உண்டு. அதற்குப் பணம் வந்தது பெரும்பாலும் சாதாரண சபை மக்களிடமிருந்து. கிறிஸ்துமஸ் சமயத்தில் கடித உறையில் ஒட்டும் சிறு முத்திரைகளை வெளியிட்டார்கள். நம்மூர்ப் பள்ளிகளில் ‘டி.பி. சீல்’ விற்றார்களே, அதே வழி.

பிறகு மருந்து வந்தது. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின், 1952-இல் ஐசோனியசிட். சானடோரியம் தேவைதானா என்ற கேள்விக்கு விடை சொன்ன ஆராய்ச்சி நம் சென்னையில்தான் நடந்தது. 1956-இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவினரை சானடோரியத்தில் சேர்த்தது, மறு பிரிவினரை நெரிசலான அவர்கள் வீடுகளிலேயே இருக்கவிட்டது. இருவருக்கும் ஒரே மருந்துகள். 1959-இல் முடிவு வெளியானது. இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரேபோல் குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியானதில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னைக்காரர்களுக்கே இது அதிகம் தெரியாது என்பதில் எனக்கு வருத்தம்.

வீட் ரிட்ஜ் சானடோரியத்தின் காலமும் முடிந்தது. 1960-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு லுத்தரன் பொது மருத்துவமனை எழுந்தது. நன்கொடை திரட்டிய அமைப்பு தனியே நின்று, நாளடைவில் மற்றவர்களின் புதிய சுகாதாரப் பணிகளுக்குத் தொடக்கப் பணம் கொடுக்கும் அறக்கட்டளையானது. அரை நூற்றாண்டு பாடுபட்டு நடத்திய ஒரு பணி, மருந்து வந்ததும் தேவையில்லாமல் போனதைப் பார்த்தவர்கள் அவர்கள். ஒரே பணிக்குக் காலமெல்லாம் கொடுக்க அவர்கள் தயங்கியதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சரி, எப்படி முடிவு செய்வார்கள்? பணி புதியதாக இருக்க வேண்டும். லுத்தரன் மக்கள் அதை முன்னின்று நடத்த வேண்டும், ஆனால் பயன்பெறுகிறவர் எந்த மதத்தவராகவும் இருக்கலாம். கட்டடத்துக்கும், பழைய பணியில் விழுந்த துண்டை அடைக்கவும் பணம் கேட்டால் கிடைக்காது. இவையெல்லாம் முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிடும். உண்மையான தேர்வு அதற்குப் பிறகு வருவது. பணம் தீர்ந்த பிறகு யார் நடத்துவார்கள்?

சென்னையில் ஒரு சிறிய அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களைப் படிக்கும் வேலையைக் கொஞ்ச காலம் செய்திருக்கிறேன். தேவையைப் பற்றி எல்லோரும் நன்றாகவே எழுதுவார்கள். கண் கலங்கும். “நிதி முடிந்ததும் பிற நன்கொடையாளர்களை அணுகுவோம்” என்ற வரி கடைசிப் பக்கத்தில் இருக்கும். அந்த வரியைப் பார்த்ததும் குழுவில் இருப்பவர்கள் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார்கள். அவர்கள் தேடுவது இன்னொரு நன்கொடையாளரை இல்லை. அந்த ஊரிலேயே இருக்கிற, வேலையின் பயனை நேரில் பார்க்கிற ஒருவர் செலவைத் தூக்கிக்கொள்வாரா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க் என்று ஒரு லுத்தரன் போதகர். மருத்துவமனைச் சிற்றாலயப் போதகராக இருந்தவர். 1970-களில் டாக்டர், நர்ஸ், போதகர் மூவரும் சேர்ந்து நோயாளியைப் பார்க்கும் சிறு மருத்துவ மையங்களை ஆலயங்களுக்குள்ளேயே நடத்திப் பார்த்தார். அதில் அவர் கவனித்தது, டாக்டருக்கும் போதகருக்கும் நடுவில் நின்று நோயாளி சொல்வதை இருவருக்கும் புரியவைத்தவர் நர்ஸ்தான் என்பது. டாக்டர் இல்லாமல், சபைக்கு ஒரு நர்ஸ் மட்டும் இருந்தால் என்ன என்று யோசித்தார். 1980-களின் நடுவில் சிகாகோ அருகே பார்க் ரிட்ஜில் உள்ள லுத்தரன் ஜெனரல் மருத்துவமனையும் ஆறு சபைகளும் சேர்ந்து இதைத் தொடங்கின. ஆறில் கத்தோலிக்கச் சபைகளும் இருந்தன. முதல் வருடம் நர்ஸின் சம்பளத்தில் முக்கால் பங்கை மருத்துவமனை கொடுத்தது, கால் பங்கைச் சபை கொடுத்தது. அடுத்தடுத்த வருடங்களில் மருத்துவமனையின் பங்கு குறைந்து சபையின் பங்கு ஏறவேண்டும், நான்காம் வருடம் முழுச் சம்பளமும் சபையுடையது என்பது ஏற்பாடு.

முதல் நாளிலிருந்தே சபை கால் பங்கு கொடுத்தது என்பதைக் கவனியுங்கள். இலவசமாக வந்த நர்ஸ் என்றால் மூன்று வருடம் கழித்து “நல்லவர், போய் வாருங்கள்” என்று மாலை போட்டு அனுப்பியிருப்பார்கள். தன் காணிக்கையிலிருந்து கொடுக்கும் சபை, அவர் யாரைப் பார்த்தார், எந்த வீட்டுக்குப் போனார் என்று கேட்கும். அந்தக் கேள்விகளில்தான் பணி வேர் பிடிக்கிறது. 1998-இல் அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் சபை நர்ஸ் பணிக்கென்று தனியே தர விதிகளை வெளியிடும் அளவுக்கு இது வளர்ந்தது.

இப்போது என் வருத்தத்துக்கு வருகிறேன். இந்த ஏற்பாடு வசதியுள்ள சபைக்குப் பொருந்தும். வாடகைக்கே திணறும் சபை நான்காம் வருடம் ஒரு நர்ஸின் சம்பளத்தை எங்கிருந்து கொடுக்கும்? அமெரிக்காவில் இன்று சபை நர்ஸ்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள். சபைகள் பணியை வைத்துக்கொண்டு சம்பளத்தை விட்டுவிட்டன என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அந்தப் பாரம் பெரும்பாலும் பெண்கள் மீது, அதிலும் உங்களைப் போல ஆயுள் முழுக்க உழைத்து ஓய்ந்தவர்கள் மீது விழுகிறது. ஏழைச் சபைகளுக்குக் காலக்கெடுவை நீட்டிக் கொடுக்காத எந்த விதை நிதியும் எனக்கு ஏற்புடையதில்லை. தேவை மிகுந்த இடத்தில் வேர் பிடிக்க நாளாகும். மூன்று வருடக் கணக்கு அங்கே செல்லாது.

உங்கள் திட்டத்தைப் பற்றி. வீட் ரிட்ஜ் 2017-இல் ‘வீ ரெய்ஸ் ஃபவுண்டேஷன்’ என்று பெயர் மாறியது. இப்போது வறுமை, வன்முறை, ஏற்றத்தாழ்வு ஆகியவற்றை எதிர்த்து உழைக்கும் கிறிஸ்தவ அமைப்புகளுக்குத்தான் முன்னுரிமை. ரத்த அழுத்தம் பார்க்கும் பணி அதில் நேரடியாகப் பொருந்தாது. உங்கள் பேட்டையில் காப்பீடு இல்லாதவர்கள் அதிகம் இருந்து, அவர்களுக்கான பணியாக இதை அமைத்தால் பேசிப் பார்க்கலாம்.

ஆனால் நான் முதலில் கதவு தட்டச் சொல்வது உங்கள் ஊர் மருத்துவமனையை. வீடு திரும்பியவர்களைப் போய்ப் பார்ப்பது என்று எழுதியிருக்கிறீர்கள் இல்லையா, உங்கள் திட்டத்தில் பலமான பகுதி அதுதான். 2012 அக்டோபரிலிருந்து, வீடு திரும்பிய மெடிக்கேர் (முக்கியமாக முதியவர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) நோயாளிகள் 30 நாளுக்குள் அளவுக்கு மீறித் திரும்ப வந்து சேர்ந்தால் மருத்துவமனைக்குக் கொடுக்கும் தொகையை மெடிக்கேர் குறைக்கிறது. இதய நோய், நிமோனியா போன்ற சிலவற்றுக்கு இந்தக் கணக்கு உண்டு. மாத்திரையைக் குழப்பிக்கொண்ட ஒரு பாட்டியை மூன்றாம் நாளே நீங்கள் போய்ப் பார்த்துச் சரிசெய்தால் மருத்துவமனைக்கும் லாபம். லாப நோக்கற்ற மருத்துவமனைகள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை தங்கள் பகுதியின் சுகாதாரத் தேவைகளைக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும் என்றும் அங்கே சட்டம் இருக்கிறது. அந்த அறிக்கையை எடுத்துப் படியுங்கள். முதியோர் பராமரிப்பு அதில் இருந்தால் அந்தப் பக்கத்தையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

உங்கள் நர்ஸ் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பொறுப்பு நர்ஸாக வேறொருவர் வேண்டும். சபையின் வரவுசெலவில் முதல் வருடமே இந்தப் பணிக்கு ஒரு தொகை, நூறு டாலரானாலும், எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் உழைப்பைச் சும்மா என்று போடாதீர்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வெளியில் ஒருவரை அமர்த்தினால் என்ன சம்பளம் என்று கணக்கிட்டுக் காட்டுங்கள். நீங்கள் நகர்ந்தால் அடுத்தவருக்கு எவ்வளவு வேண்டும் என்று சபைக்கு இன்றே தெரியட்டும்.

திட்டத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். வரவுசெலவுப் பக்கத்தை முதலில் அனுப்பினால் அதைப் பார்த்து உடனே பதில் எழுதுகிறேன்.