இம்பிளாண்ட் வைத்த பிறகு புட்டு எப்போது சாப்பிடலாம்?

கேள்வி: எனக்கு 61 வயது, கொக்குவில். கீழ்த்தாடைக் கொடுப்புப் பல் இருந்த இடத்தில் இம்பிளாண்ட் (செயற்கைப் பல்லுக்காக எலும்பில் பதிக்கும் திருகு) வைத்து நாலு நாளாகிறது. தையல் இன்னும் வெட்டவில்லை. சலரோகத்துக்குக் குளிசை எடுக்கிறேன். பயத்தில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தான் சாப்பாடு. கனடாவில் உள்ள மகள் பழத்தை அடித்து ஸ்ட்ரோவால் குடிக்கச் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒடியல் கூழ். குடிக்கலாமா? புட்டு எப்போது சாப்பிடலாம்?

பதில்: ஐயா, முதலில் அந்த பிஸ்கட்டை விடுங்கள். தேத்தண்ணியில் தோய்த்தால் பசை மாதிரித் தையலில் ஒட்டும், சீனியையும் ஏற்றும். புண் ஆறத் தேவையான புரதமும் அதில் பெரிதாக இல்லை. சீனி கூடினால் முரசு ஆறச் சுணங்கும். குளிசையைப் போட்டுவிட்டு அரைவயிற்றோடு கிடந்தால் சிலருக்குச் சீனி மளமளவென்று இறங்கியும் விடும்.

இடியப்பத்தை உறைப்பில்லாத சொதியில் ஊறவிட்டு, கையால் நன்றாகப் பிசைந்து, இளஞ்சூட்டில் மற்றப் பக்கத்தால் சாப்பிடுங்கள். முள் எடுத்த மீன், மசித்த முட்டை, குழைய அவித்த பருப்பு, தயிர் எல்லாம் ஆகும்.

புட்டு மென்மைதானே என்று பலரும் கேட்பதுண்டு. மென்மைதான், ஆனால் உதிரி. மாவும் தேங்காய்ப்பூவும் தையலுக்கடியில் போய் இருந்துவிடும். பிறகு நாக்குச் சும்மா இராது, துழாவத் துழாவத் தையல் இழுபடும். தையல் வெட்டி (வழக்கமாக 7 முதல் 14 நாளுக்குள்) முரசு மூடியது என்று உங்கள் பல் வைத்தியர் சொல்லட்டும், அதன் பிறகு புட்டு.

மகள் சொன்ன பழம் சரி, ஸ்ட்ரோ சரியில்லை. உறிஞ்சும் இழுவையில் புண்ணை மூடியிருக்கும் இரத்தக்கட்டி அசையும். ஒரு சின்ன வாழைப்பழத்தைச் சீனி போடாத தயிரோடு அடித்து, கரண்டியால் சாப்பிடுங்கள். இளநீரையும் டம்ளரில் ஊற்றியே குடியுங்கள்.

கூழைப் பிலாவிலையில் ஊதி ஊதிக் குடித்தால்தான் உங்களுக்குக் கூழ். அந்தச் சூடும் செத்தல் மிளகாயும் புளியும் நண்டுக் கோதும் இந்த ஞாயிறு வேண்டாம். வீட்டுக்காரரைக் காய்ச்ச விடுங்கள், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

சாப்பிட்டபின் ஒரு டம்ளர் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, வாயில் மெல்ல உருட்டித் தானாக வழிய விடுங்கள். காறித் துப்பாதீர்கள். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: சுருட்டும் வெற்றிலை பாக்கும் கூடாது. தந்த குளிசைகளில் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி இருந்தால், அது முடிந்து மூன்று நாள் வரை கள்ளும் கூடாது. வாந்தியும் படபடப்பும் வரலாம்.

எனக்கு உண்மையான பயம் இரண்டாம் மாதத்தில்தான். நோ போய்விடும், பழைய பழக்கம் திரும்பும். பனங்கட்டித் துண்டைக் கொடுப்பில் வைத்து நறுக்கென்று கடித்துத் தேத்தண்ணி குடிப்பீர்கள். (சலரோகத்துக்கும் அது ஆகாது என்பது வேறு கதை.) டைட்டானியம் திருகு எலும்போடு இறுகக் கீழ்த்தாடையில் ஏறக்குறைய மூன்று மாதம், சிலருக்கு அதற்கும் மேல். புழுக்கொடியல், பருத்தித்துறை வடை எல்லாம் அதுவரை அந்தப் பக்கம் போகக்கூடாது.

வீக்கம் இதற்குள் வற்றத் தொடங்கியிருக்க வேண்டும். கூடினாலோ, சீழ், காய்ச்சல், உதட்டு விறைப்பு இருந்தாலோ தையல் வெட்டும் நாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.