தொங்கு காது முயலும் ஜோடி சேக்க வர்ற புரோக்கரும்

தொண்டியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அட்டைப்பெட்டியில யாரோ போட்டுட்டுப் போன தொங்கு காது பொட்டை முயல எடுத்து வளக்குறாங்களாம், காது நாறுது, தலைய உதறிக்கிட்டே இருக்கு, தேங்கா எண்ணெய் காய்ச்சி விடவா? தெரிஞ்சவர் ஒருத்தர் ஜோடி சேத்தா குட்டி ஆளுக்குப் பாதிங்கிறார், குடுக்கவா?

எண்ணெய் வேணாம்மா, பட்ஸும் வேணாம். நிமிந்த காதுல அழுக்கு தானா வெளிய வந்துரும், தொங்கு காது ஓஸ் பைப் மடங்குன மாதிரி அடியில மடிஞ்சு கெடக்கும், அழுக்கு அங்கயே தேங்கி சீழ் வச்சிரும். டாக்டர் உள்ள லைட் அடிச்சுப் பாத்தாத்தான் பூச்சியா சீழான்னு தெரியும். மெடிக்கல்ல கேட்டு அமாக்ஸிசிலின்ங்கிற ஆன்டிபயாட்டிக்க மட்டும் வாயில ஊத்திராதீங்க, குடல்ல இருக்க நல்ல கிருமி செத்து முயலே போயிரும். நாய்க்கு அடிக்கிற ஃபிப்ரோனில் உண்ணி ஸ்பிரேயும் இதுக்கு விஷம். ஒருத்தர் நாய்க்கு அடிச்சு மிச்சமானதத்தான் சார் அடிச்சேன்னு முயல மஞ்சப்பையில தூக்கிட்டு வந்தார், பை அசையவே இல்ல.

தீனி காஞ்ச புல்லும் அருகம்புல்லும்தான், கேரட்டெல்லாம் முட்டாய் மாதிரி துளியூண்டு. போர் தண்ணி உப்பு கரிச்சா நீங்க குடிக்கிற தண்ணியவே வைங்க. பனை ஓலை நிழல் போதும், குளிப்பாட்ட வேணாம். அரை நாள் எதையும் கடிக்கலைன்னா உடனே டாக்டர்.

இப்ப அந்த ஜோடி விஷயம். நீங்க தொடைக்கிற அதே காது குட்டிக்கும் வரலாம், பல்லு கோளாறும் சேந்து வரலாம். அழகுக்குன்னு மனுசன் பொறுக்கி எடுத்த காது அது. பாதி பாதிங்கிறவர் 31 நாள்ல குட்டி கைக்கு வரும்னு கணக்குப் போடுறார், ஈன அன்னைக்கே மறுபடி சேத்து விடுற ஆளுங்களும் இருக்காங்க. பால் மறக்காத 3 வாரக் குட்டிய 'குட்டை ரகம், இதுக்கு மேல வளராது'ன்னு சந்தையில தள்ளிருவாங்க, வளந்ததும் அட்டைப்பெட்டி. நாய் வளப்புக்கு 2017ல விதி போட்டாங்க, பிராணிக் கடைக்கு 2018ல போட்டாங்க, வீட்டுக் கூண்டுல முயல் ஈன வைக்கிறவன எவன் வந்து பாக்குறான் சொல்லுங்க. 

ஒண்ணு மட்டும் இருக்கு. உங்க கைக்கு வரும்போதே அது சினையா இருந்திருக்கலாம். நெஞ்சு முடியப் பிச்சு மூலையில மெத்தை போட்டா பெட்டியில வைக்கோல் போட்டுக் குடுத்துட்டு ஒதுங்கிருங்க. பொய்ச்சினையிலயும், அதாவது சினை இல்லாமலே சினை மாதிரி நடந்துக்கிறப்பவும், முடி பிய்க்கும், அதனால குட்டி வரலைன்னா பதறாதீங்க. ஈனுச்சுன்னா, தாய் ஒரு நாளைக்கு ஒருக்கா, அதுவும் சில நிமிசம்தான் பால் குடுக்கும். பகல் முழுக்க கிட்டப் போகலையேன்னு பசும்பால் ஊத்துனீங்கன்னா நீங்கதான் கொன்னது. காலையில குட்டி வயிறு பந்து மாதிரி உருண்டு இருக்கான்னு மட்டும் பாருங்க, இருந்தா தாய் வந்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம்.

சினை இல்லைன்னு ஆனதும் கர்ப்பப்பைய எடுத்துருங்க, விட்டா வயசாக வயசாக அதுலயே புத்துநோய் வர வாய்ப்பு அதிகம். முயலுக்கு மயக்க மருந்து குடுக்கத் தெரிஞ்ச கை வேணும், ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிக்கு முதல்ல போன் போட்டுக் கேளுங்க. காதை இந்த வாரமே காட்டுங்க. கூடையில புல்லு போட்டு, வெயில் ஏறுறதுக்கு முன்ன முதல் பஸ்ஸப் பிடிங்க.