காலக்கோட்டை நகர்த்திப் பார்க்கும் இணைய வரலாற்று வரைபடத்தில் 1746 நாகப்பட்டினம் கடற்போர் ஜூலை 6-இல் வரவில்லையா?

காலக்கோட்டை ஜூலை 6-இலிருந்து ஜூன் 25-க்கு நகர்த்திப் பாருங்கள், புள்ளி அங்கேதான் இருக்கும்.

அதே கடலில் நடந்த 1782 போர் ஜூலை 6-இல் சரியாக வருகிறது, 1746 மட்டும் காணோம் என்றால் காரணம் பெரும்பாலும் நாள்காட்டிதான். இங்கிலீஷ்காரர்கள் 1752 வரை பழைய ஜூலியன் கணக்கையே வைத்திருந்தார்கள், பிரெஞ்சுக்காரர்களோ அதற்கு வெகு முன்பே இன்றைய கிரிகோரியன் கணக்குக்கு மாறிவிட்டார்கள். அதனால் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனேவும் ஆங்கிலத் தளபதி பெய்ட்டனும் மோதிய அதே நாள் பிரெஞ்சுக் குறிப்பில் ஜூலை 6, ஆங்கிலக் குறிப்பில் ஜூன் 25. பதினோரு நாள் வித்தியாசம். 1782-இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதியபோது இரு தரப்பும் ஒரே கணக்கில் இருந்ததால் அந்தக் குழப்பமே இல்லை.

சந்தேகமிருந்தால் அதே ஆண்டு மதராஸ் பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்ததைத் தேடுங்கள். செப்டம்பர் 10 என்று காட்டினால் வரைபடம் பழைய கணக்கில் ஓடுகிறது, 21 என்றால் புதியது. 21 வந்தால் நான் சொன்னது தப்பு, அப்புறம் பெயரைத்தான் பார்க்க வேண்டும். நாகப்பட்டினம் என்று அடித்தால் கிடைக்காமல் போகலாம், பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'Negapatam' என்று தேடுங்கள்.

ஒன்று, புள்ளி நிற்கும் இடத்தை அப்படியே நம்பாதீர்கள். பாய்மரக் கப்பல்கள் காற்றுக்கேற்ப நகர்ந்துகொண்டே சண்டை போட்டவை. நானும் ஒருநாள் சாயங்காலம் நாகூர்க் கடற்கரையில் போனை நீட்டிக்கொண்டு, இங்கிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று அளந்தேன். சுண்டல் விற்றவர் சிக்னல் கிடைக்கலையா என்று கேட்டுவிட்டுப் போனார்.