மழைக்கு ஊதிப்போகும் வாசற்கதவு: எதை மாற்றுவது?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் ஐந்தாம் மாடி, நடைபாதையின் கடைசி வீடு. குடிவந்து 22 ஆண்டு ஆகிறது. வாசலில் அன்று போட்டிருந்த அதே மரக்கதவுதான். டிசம்பர் மழை வந்தால் ஊதிக்கொண்டு நிலையில் உரசுகிறது. அடிப்பக்கம் தோல் உரிந்திருக்கிறது. பிற்பகல் வெயிலும் நேராக விழும். ஒரு கான்ட்ராக்டர் 'சாலிட் தேக்கு' 1,900 வெள்ளி, டிஜிட்டல் பூட்டு இலவசம் என்கிறார். இன்னொருவர் இரும்புக் கதவுதான் நல்லது என்கிறார். எதைப் போடுவது?

பதில்: தேக்கா இரும்பா என்று பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள், அம்மா. கதவைத் திறந்துவைத்து, கீல் பக்கத்து விளிம்பை டார்ச் அடித்து மேலிருந்து கீழே பாருங்கள். பிஎஸ்பி போன்ற சான்றளிக்கும் நிறுவனத்தின் பெயரும் ஓர் எண்ணும் போட்ட சின்ன முத்திரை தெரிகிறதா? பல வீடுகளில் அதன் மேல் பெயின்ட் அடித்திருப்பார்கள், நகத்தால் சுரண்டிப் பாருங்கள். இருந்தால் உங்களுடையது தீத்தடுப்புக் கதவு. அப்புறம் அந்த இரண்டு கான்ட்ராக்டர்களுமே வெளியே. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டும்போதே தீத்தடுப்புக் கதவு வைத்த வாசலில், மாற்றிப் போடுவதும் அரை மணி நேரம் தீயைத் தாங்கும் என்று சான்று பெற்ற கதவாகத்தான் இருக்க வேண்டும். மாடிப்படிக்கும் மின்தூக்கிக்கும் பக்கத்திலுள்ள வீடுகளில் இதை அதிகம் பார்க்கலாம். உங்கள் வீட்டில் தீப்பிடித்தால் மற்றவர்கள் இறங்கி ஓடும் வழியைப் புகை அடைத்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். நடைபாதையின் கடைசி வீடு என்கிறீர்கள். பல புளோக்குகளில் மாடிப்படி இருப்பதே அந்தக் கோடியில்தான். அதனால்தான் இதை முதலில் கேட்கிறேன்.

இதை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். தீத்தடுப்புக் கதவு என்பது வெறும் பலகை இல்லை. கதவு, நிலை, கீல், தானாக மூடும் கருவி, பூட்டு என்று எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துத்தான் உலையில் சோதிக்கிறார்கள். விளிம்பில் ஒரு பட்டை ஓடும். சூடு ஏறினால் அது உப்பி இடுக்கை அடைத்துவிடும். ஒப்பந்தக்காரர் 'கொஞ்சம் உரசுது, இழைச்சுடலாம்' என்று இழைப்புளி போட்டால் பட்டையும் போச்சு, சான்றும் போச்சு. இலவச டிஜிட்டல் பூட்டும் அப்படித்தான். எந்தப் பூட்டுக்காகவோ சோதித்த கதவில் வேறு பூட்டுக்குப் பெரிய ஓட்டை போட்டால், தீ அந்த ஓட்டை வழியாக வரும். 'இந்தப் பூட்டு இந்தக் கதவோடு சோதிக்கப்பட்டதா, தாளைக் காட்டு' என்று கேளுங்கள். தாள் வராவிட்டால் பூட்டும் வேண்டாம். தானாக மூடும் கருவியைக் கழற்றிவிட்டுக் கதவுக்குக் கீழே செருப்பைச் செருகி வைப்பவர்களை என்ன சொல்வது, எங்கள் வீட்டிலேயே ஓர் ஆள் இருக்கிறார்.

சாவி கொடுக்கும் அன்றைக்கே இந்த விதியை நாலு வரியில் எழுதிக் கதவின் பின்னால் ஒட்டியிருக்கலாம். அது எங்கோ ஓர் இணையப் பக்கத்தில், படித்தவரே இரண்டு தடவை படிக்க வேண்டிய மொழியில் கிடக்கிறது. நடைபாதை நகர மன்றத்துடையது, கதவு உங்களுடையது, தீ குடிமைத் தற்காப்புப் படையுடையது. மூன்று இடத்துக்கும் தொலைபேசி போட்டு, நாலாவதாக எனக்கு எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

சரி, முத்திரை இல்லை, வீவகவிடம் கேட்டும் உறுதி செய்துகொண்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அந்த 'சாலிட் தேக்கு'. இந்த ஊரில் கதவு விற்கிறவர்கள் சாலிட் என்ற சொல்லை மிளகாய்த்தூள் மாதிரி எல்லாவற்றிலும் தூவுகிறார்கள். முழுக்க முழுக்க மரம் என்பது ஒன்று. உள்ளே மரத்துண்டுகளை ஒட்டி நிரப்பி, மேலே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தேக்குத் தோலை ஒட்டியது இன்னொன்று. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையை நிரப்பியதும் சாலிட்தான், கேட்டால். கண்ணால் பார்த்தால் மூன்றும் தேக்கு. தட்டிப் பார்த்தால் காலிக் கதவு மட்டும்தான் மாட்டிக்கொள்ளும். ஆகவே ஒன்று செய்யுங்கள். கதவு வந்து இறங்கும் நாளில், பூட்டுக்காகத் துளை போட்டதும் பூட்டை மாட்டவிடாமல் கொஞ்சம் நிறுத்தி, அந்தத் துளைக்குள் டார்ச் அடியுங்கள். மர ரேகை தெரிகிறதா, ஒட்டிய துண்டுகளா, தூளா, தேன்கூடு மாதிரி அட்டைக் காகிதமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 'துளைக்குள் பார்த்த பிறகுதான் மீதிப் பணம்' என்று முன்பே சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்குங்கள். இதைக் கேட்டதும் விலையைக் குறைக்கிற ஒப்பந்தக்காரரை நம்பாதீர்கள்.

உண்மையான தேக்கு நல்ல மரம்தான். உங்கள் வாசலுக்கு அது தேவையா என்றால், இல்லை என்பேன். எந்த மரமும் இங்கே ஈரத்தைக் குடிக்கும், காயும். விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், நல்ல வெயில் அடிக்கிற பிற்பகலில் 60 பக்கம் இறங்கும். மரம் நீளத்தில் அசையாது, அகலத்தில் அசையும். அதனால்தான் மேலே கீழே இடிக்காமல் பூட்டுப் பக்கம் உரசுகிறது. முழு மரமாக இருந்தால் அசைவு இன்னும் அதிகம். மழைச்சாரலும் மேற்கு வெயிலும் சேர்ந்த வாசலுக்கு நான் சொல்வது, உள்ளே மரத்துண்டு நிரப்பி, நாலு விளிம்பிலும் அசல் மரச்சட்டம் வைத்து, இரண்டு பக்கமும் ஒரே லேமினேட் ஒட்டிய கதவு. இரண்டு பக்கமும் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். வெளியே லேமினேட், உள்ளே மலிவான காகிதம் என்று ஒட்டினால் இரண்டு பக்கமும் வெவ்வேறு மாதிரி இழுத்து, கதவு வில்லாக வளைந்துவிடும். நிறம் வெளிறியதாக இருக்கட்டும். கறுப்பு இப்போது மோஸ்தர், வெயிலில் அடுப்பு. உள்ளே எம்டிஎஃப், அதாவது மர நாரை அழுத்திச் செய்த பலகை என்றால் வாங்காதீர்கள். தண்ணீர் பட்டால் ரஸ்க் மாதிரி உப்பும், திரும்பச் சுருங்காது.

இரும்புக் கதவு ஊதாது, கரையானும் அரிக்காது. அதன் வயிற்றிலும் பல நேரம் அதே அட்டைத் தேன்கூடுதான் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அடி விளிம்பில் பூச்சு ஒருமுறை சிராய்த்தால் துரு அங்கிருந்து ஏறும். பாசிர் ரிஸ், ஈஸ்ட் கோஸ்ட் மாதிரி கடற்காற்று வீசும் இடங்களில் இன்னும் சீக்கிரம். அலுமினியம் கேட்டுக்கும் கழிவறைக்கும் போதும். தரைவீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கதை வேறு.

எந்தக் கதவைப் போட்டாலும் வேலையாட்கள் செய்யாமல் போவது ஒன்று: அடி விளிம்பையும் தலை விளிம்பையும் பூசுவது. மாட்டிவிட்டால் அவை கண்ணில் படாது, அதனால் வார்னிஷ் பார்ப்பதே இல்லை. கதவைத் தொங்கவிடும் முன்பே ஆறு பக்கமும் பூசச் சொல்லி, பக்கத்தில் நில்லுங்கள். அப்புறம், தவறாக நினைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை தோறும் வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கோலம் போடுவீர்கள்தானே? அடிப்பக்கம் மட்டும் உரிவதற்கு மழையைவிட அந்த வாளித் தண்ணீரே முதல் காரணமாக இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கோலம் போடுங்கள், மகாலட்சுமி கோபிக்க மாட்டாள். நிலையில் மாவிலைத் தோரணத்துக்கு அடித்த ஆணி ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள்.

பணத்தைப் பற்றி. முழுத் தொகையை முன்பணமாகக் கேட்பவரிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள். வீவகவின் ஒப்பந்தக்காரர் பட்டியலில் பெயர் இருக்கிறதா பாருங்கள், ஆனால் பட்டியலில் இருப்பதாலேயே இழைக்கத் தெரிந்தவர் என்று அர்த்தமில்லை. புதுக் கதவு ஆறு மாதத்துக்குள் வளைந்தால், 'மழை அம்மா, மரம் அப்படித்தான்' என்பார்கள். பழுதான பொருளை வாங்கியவரைக் காக்க 2012இல் வந்த லெமன் சட்டப்படி, ஆறு மாதத்துக்குள் தெரியும் கோளாறு கதவு வந்த நாளிலேயே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர் பொறுப்பு. மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, அதற்கும் மேலே சிறு கோரிக்கை நடுவர் மன்றம், 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள். வழக்கறிஞர் வேண்டாம். ரசீது வேண்டும், அதில் 'கதவு 1' என்று மட்டும் எழுதியிருந்தால் உதவாது. உள்ளே என்ன, விளிம்பில் என்ன, எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று எழுதியிருக்க வேண்டும்.

கடைசியாக, இப்போதே வாங்கத்தான் வேண்டுமா? உரிந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். புட்டு மாதிரி உள்ளே போனால் கதவு முடிந்தது, மாற்றுங்கள். கெட்டியாக நின்றால், முத்திரை இல்லாத கதவு என்றால் மட்டும், இழைத்துப் பூசினால் போதும். அதையும் டிசம்பரில் செய்யவிடாதீர்கள். ஊதியிருக்கும்போது இழைத்தால் காய்ந்ததும் விரல் நுழையும் இடுக்கு விழும். பிப்ரவரியில் காற்று வறண்டிருக்கும்போது தச்சரைக் கூப்பிடுங்கள்.