ரயிலைக் காட்டி விற்கப்படும் வீடு

கேள்வி: ஜொகூரின் இஸ்கந்தர் புத்ரியில் கட்டப்படும் கொண்டோமினியத்திற்கு அருகே அதிவேக ரயில் நிலையம் வரும் என்றும் விலை இரட்டிப்பாகும் என்றும் கூறி, முகவர் ஒருவர் முன்பணம் கேட்கிறார். நம்பலாமா? - வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: கோலாலம்பூரையும் சிங்கப்பூரின் ஜூரோங் ஈஸ்ட்டையும் 90 நிமிடத்தில் இணைக்கவிருந்த அந்த 350 கிலோமீட்டர் ரயில் திட்டத்திற்கு மலேசிய, சிங்கப்பூர் அரசுகள் 2016 டிசம்பரில் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2018இல் ஒத்திவைக்கப்பட்ட அவ்வொப்பந்தம் 2020 டிசம்பர் 31 அன்று முடிவுக்கு வந்தது. மலேசியா சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 102.8 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளியை இழப்பீடாகச் செலுத்தியது. திட்டத்தை மீட்பது பற்றிப் பிறகு பேச்சு எழுந்தது உண்மைதான்; ஆனால் பேச்சில் இருக்கும் ரயிலுக்கு நீங்கள் ஏன் இன்றே விலை கொடுக்க வேண்டும்?

இன்னொரு குழப்பமும் உண்டு. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜொகூர் பாருவின் புக்கிட் சாகர் வரை நான்கு கிலோமீட்டருக்கு அமைக்கப்படும் எல்லை கடந்த ஆர்டிஎஸ் (RTS) ரயில் பாதை வேறு, அதிவேக ரயில் வேறு. விளம்பரத் தாள்கள் இரண்டையும் ஒரே வரைபடத்தில் நெருக்கி வரைந்துவிடுகின்றன. (அளவுகோல் இல்லாத வரைபடத்தைக் கண்டால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.)

முகவரின் பதிவு எண்ணைச் சிங்கப்பூரின் சொத்து முகவர்கள் மன்றத்தின் (CEA) பொதுப் பதிவேட்டில் சரிபாருங்கள். ரயில் பற்றிய உறுதிமொழியை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதித் தருமாறு கேளுங்கள். அவர் மறுத்தால், முன்பணத்தைக் கொடுக்காதீர்கள்.