சரயேவோவில் இரண்டு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

கேள்வி: செப்டம்பரில் குடும்பத்தோடு குரோஷியா போகிறோம். டுப்ரோவ்னிக்கிலிருந்து சரயேவோவுக்கு வந்து இரண்டு நாள் தங்கலாம் என்று யோசனை. அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். நடுவில் ஒரு நாள் மோஸ்டாருக்கும் போய்வர முடியுமா? எதையெல்லாம் விடாமல் பார்க்க வேண்டும்?

பதில்: ஊரைப் பற்றிப் பேசுவதற்கு முன் விசாவைப் பார்த்துவிடுங்கள். குரோஷியா 2023 ஜனவரியிலிருந்து ஷெங்கனுக்குள் (ஒரே விசாவில் சுற்றும் ஐரோப்பிய நாடுகளின் வட்டம்) இருக்கிறது, சரயேவோ இருக்கும் போஸ்னியா வெளியே. உங்களிடம் இருப்பது ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசா என்றால், எல்லையைத் தாண்டியதும் அதன் கதை முடிந்தது. திரும்பி டுப்ரோவ்னிக் வந்து விமானம் ஏற முடியாது. பலமுறை நுழையும் விசாவாக வாங்குங்கள். போஸ்னியாவுக்குத் தனி விசா வேண்டுமா என்பதையும் டிக்கெட் போடும் முன்பே அந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மோஸ்டாருக்காக சரயேவோவின் ஒரு நாளைச் செலவழிக்க வேண்டாம். டுப்ரோவ்னிக்கிலிருந்து வரும் பேருந்துகள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகின்றன. அங்கேயே இறங்கி ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் ரயிலில் சரயேவோ வாருங்கள். நெரெட்வா ஆற்றை ஒட்டி மலைகளுக்கு நடுவே சுமார் இரண்டு மணி நேரப் பயணம், அதுவே ஒரு சுற்றுலா. ரயில்கள் குறைவு, நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மோஸ்டாரில், போஸ்னியப் போரில் 1993இல் இடிந்து 2004இல் திரும்பக் கட்டப்பட்ட பழைய பாலம் நன்றாகச் செங்குத்தாக ஏறி இறங்கும், கல்லும் வழுக்கும். அம்மா கரையிலிருந்து பார்த்தால் போதும்.

சரி, சரயேவோ. பல சுற்றுலா நிறுவனங்கள் வந்த அன்றே போர்ச் சுற்றுலாவில் ஏற்றிவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊரைத் தெரியாமல் ஊரின் அழிவைப் பார்த்தால் அது வெறும் எண்ணிக்கையாகத்தான் மனதில் நிற்கும். முதல் நாள் ஊர், இரண்டாம் நாள் போர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலையில் பஷ்சார்ஷியா. 15ஆம் நூற்றாண்டில் ஒட்டோமன் துருக்கியர்கள் தொடங்கிய கடைவீதி, நடுவில் செபில் என்கிற மர நீரூற்று, பக்கத்துச் சந்தில் செம்புப் பாத்திரம் தட்டுகிறவர்கள். தரை முழுக்க உருண்டைக் கல், எனவே அம்மாவுக்கு நல்ல ஷூ அவசியம். அங்கிருந்து மேற்கே நடந்தால் 1531இல் கட்டி முடித்த காஸி ஹுஸ்ரெவ் பேக் மசூதி வரும். அதை அடுத்த மணிக்கூண்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள், நேரம் தப்பாகத் தெரியும். கடிகாரம் ரிப்பேர் இல்லை, சூரியன் மறையும்போது 12 அடிக்கும்படி வைத்திருக்கிறார்கள். செப்டம்பர் நடுவில் அங்கே ஏழு மணியை ஒட்டி இருட்டும் என்பதால் உங்கள் கைக்கடிகாரம் நாலு காட்டும்போது அது ஒன்பது காட்டும். அஸ்தமனம் நாளுக்கு நாள் மாறுவதால் அதைத் திருத்திக்கொண்டே இருப்பதற்கென்று ஓர் ஆள் இருக்கிறார். இன்னும் சில நிமிடம் நடந்தால் ஒட்டோமன் கடைகள் சட்டென்று முடிந்து பின்னால் வந்த ஆஸ்திரிய ஆட்சிக்கால மாளிகைகள் ஆரம்பிக்கின்றன. பழைய யூதக் கோவில், ஆர்த்தடாக்ஸ் தேவாலயம், கத்தோலிக்கப் பேராலயம் எல்லாமே இந்த நடைக்குள் அடங்கிவிடும்.

மாலையில் ஆற்றோரம். லத்தீன் பாலத்தை மட்டும் பார்த்தால் 'இதற்கா இவ்வளவு பேச்சு' என்று தோன்றும், சின்னக் கல் பாலம்தான். அதனால் வியெச்நிட்சா என்கிற பழைய நகர மண்டபத்திலிருந்து தொடங்குங்கள். 1914 ஜூன் 28 காலை, குண்டுவீச்சில் தப்பிய ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் இங்கேதான் வரவேற்பை முடித்துக்கொண்டு, காயம்பட்டவர்களைப் பார்க்க மருத்துவமனைக்குக் கிளம்பினார். வழியை மாற்றியது ஓட்டுநருக்குத் தெரியவில்லை. பாலத்தருகே பழைய திட்டப்படியே வலப்பக்கம் திருப்பி, தவறு தெரிந்து காரை நிறுத்தியபோது, கொல்லக் காத்திருந்த பிரின்ஸிப் என்ற இளைஞன் எதிரிலேயே நின்றிருந்தான். அவன் சுட்டதில் இளவரசர் இறந்தார், அதிலிருந்துதான் முதல் உலகப் போர் மூண்டது. கார் போன அதே வழியில் ஆற்றை ஒட்டி நீங்களும் சில நிமிடத்தில் நடந்துவிடலாம்.

வியெச்நிட்சாவுக்கு உள்ளேயும் டிக்கெட் எடுத்துப் போங்கள். பிற்காலத்தில் தேசிய நூலகமாக இருந்த கட்டடம், 1992 ஆகஸ்டில் நகரை முற்றுகையிட்ட போஸ்னிய செர்பியப் படைகள் ஷெல்லடித்து எரித்தன, பெரும்பாலான புத்தகங்கள் போயின. 2014இல்தான் மறுபடி திறந்தார்கள்.

சாயங்காலம் மேலிருந்து ஊரைப் பார்க்க எல்லாரும் மஞ்சள் கோட்டைக்கு நடந்து ஏறுவார்கள். ஏற்றம் கடுமை, டாக்ஸி பிடியுங்கள்.

இரண்டாம் நாள் காலையில் விமான நிலையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுரங்கப்பாதை அருங்காட்சியகம். 1992 ஏப்ரலிலிருந்து 1996 பிப்ரவரி வரை நகரம் முற்றுகையில் கிடந்தது. 1993இல் ஓடுபாதைக்கு அடியில் சுமார் 800 மீட்டர் தோண்டி அதன் வழியாகத்தான் உணவு, ஆயுதம், காயம்பட்டவர்கள் என்று எல்லாம் போய்வந்தன. இப்போது சிறு பகுதிதான் திறந்திருக்கிறது, குனிந்துதான் போக வேண்டும்; அம்மா சுரங்கப்பாதை வாயில் இருக்கும் வீட்டுக்குள் உள்ள காட்சிகளைப் பார்க்கட்டும். முடிந்ததும் இலிஜா பக்கம் வ்ரேலோ போஸ்னே பூங்கா. மலையடியிலிருந்து ஆறு அப்படியே பொங்கிக் கிளம்புகிற இடம், இருபுறமும் மரங்கள் நிற்கும் சாலையில் குதிரை வண்டியும் ஓடும், நடக்க வேண்டாம். திரும்ப இலிஜாவிலிருந்து 3ஆம் எண் டிராம் பழைய ஊருக்கே கொண்டுவந்து விடும்.

நேரம் மிஞ்சினால் ட்ரெபெவிச் மலைக்குக் கேபிள் கார். மேலே 1984 குளிர்கால ஒலிம்பிக்கின் பாப்ஸ்லெட் (பனிச்சறுக்கு வண்டி) ஓடுதளம் கிராஃபிட்டியோடு காட்டுக்குள் கிடக்கிறது. போர்க்காலக் கண்ணிவெடி இன்னும் முழுதாக நீங்காத நாடு, எந்த மலையிலும் குறிபோட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள்.

சாப்பாட்டில்தான் அம்மாவுக்குக் கவனம் வேண்டும். புரெக் (மெல்லிய மாவில் பூரணம் வைத்துச் சுடுவது) என்றால் அந்த ஊரில் கறி வைத்ததுதான். அதே கடையில் ஸிர்நிட்சா கேட்டால் பாலாடைக்கட்டி, ஸெல்யானிட்சா கேட்டால் கீரையும் பாலாடைக்கட்டியும், க்ரோம்பிருஷா கேட்டால் உருளைக்கிழங்கு. மூன்றுமே சுடச்சுட நன்றாக இருக்கும், ஆனால் கறி வேகும் அதே அடுப்பில் வெந்து வருவது, அது பரவாயில்லையா என்று முன்பே அம்மாவிடம் கேட்டுவிடுங்கள். பீன்ஸ் சூப்பை நம்ப வேண்டாம், புகையூட்டிய இறைச்சி போடுவது வழக்கம். 'பெஸ் மேஸா' என்றால் கறி இல்லாமல் என்று அர்த்தம், கடையில் அதைச் சொல்லிவிட்டே ஆர்டர் செய்யுங்கள். கையில் கொஞ்சம் மார்க் (போஸ்னியப் பணம்) நோட்டு இருக்கட்டும், ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 1.96 மார்க். சிறு கடைகளில் கார்டு எல்லா இடத்திலும் எடுபடாது.